கசக்கத் தெரிந்த உயிர்கள்

மார்கழிப் பனி விலகித் தை வெயில் உறைக்கத் தொடங்கும்போது மாரியூர், சாயல்குடி, கடலாடிப் பக்கத்து மிளகாய்க் கொல்லைகளில் அசுவினி ஏறும். வடகிழக்கு மழையை நம்பி விதைத்த குண்டு மிளகாய் பூவெடுத்து நிற்கிற பருவம் அது. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் இலையின் அடியில் ஊசிமுனையளவுப் பூச்சிகள் நெருக்கியடித்துச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவை கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்புகள் தண்டில் ஏறி இறங்கும். சில நாட்களில் அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு வண்டு வந்து உட்காரும். மஞ்சளோடிய சிவப்பு முதுகு, அதில் கறுப்பு வளைகோடுகள். பொறிவண்டு.

அது ஒளிந்துகொள்ள முயல்வதே இல்லை. பச்சை இலையில் சிவப்பு முதுகோடு, உச்சி வெயிலில், எல்லோரும் பார்க்க மெதுவாக நடக்கிறது. சுற்றிலும் பனைமரங்கள், அவற்றின் மட்டைகளில் கரிச்சானும் மைனாவும் பூச்சி தேடிக் காத்திருக்கின்றன. பச்சைப் புழு பச்சை இலையோடு ஒட்டிக் கிடக்கிறது, விட்டில் காய்ந்த புல்லின் நிறத்தில் பதுங்குகிறது. பொறிவண்டு மட்டும் தன்னைக் காட்டிக்கொண்டு அலைகிறது. அந்தத் தைரியம் அதன் இரத்தத்தில் இருக்கிறது.

விரலால் லேசாக அழுத்தினால் வண்டு கால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்போது அதன் கால் மூட்டுகளில் மஞ்சள் துளிகள் அரும்பும். அது கழிவு நீர் அல்ல, வண்டின் இரத்தமேதான். எந்தக் காயமும் படாமல், தன் மூட்டைத் தானே திறந்து இரத்தத்தை வெளியே விடுகிறது. விரலில் ஒட்டினால் மஞ்சளாகக் கறை படியும்; வாடை மூக்கை விட்டு எளிதில் போகாது. எறும்பு கடிக்க வந்தால் இந்தத் துளி அதன் வாயில் பிசினாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். பறவை கொத்தினால் நாக்கில் கசக்கும்.

அந்தக் கசப்பு என்னவென்று 1971-இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் பெர்னார்ட் டர்ஷ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஏழு புள்ளிப் பொறிவண்டிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த அல்கலாய்டுக்குக் காக்சினெல்லின் என்று பெயர். இரண்டே ஆண்டுகளில் இரட்டைப் புள்ளிப் பொறிவண்டிலிருந்து அடலின் என்ற இன்னொன்று கிடைத்தது. அதன் பிறகு இந்தக் குடும்பத்தில் டஜன் கணக்கில் சேர்மங்கள் வெளிவந்திருக்கின்றன. ஆசிய வண்டொன்றின் இரத்தத்தில் உள்ள ஹார்மோனின், காசநோய்க் கிருமியையும் மலேரியா ஒட்டுண்ணியையும் ஆய்வுக்கூடத்தில் தடுத்தது என்று 2012-இல் எழுதினார்கள். இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒரு செய்தி: ஏழு புள்ளி வண்டு இந்த நஞ்சைத் தின்ற பூச்சியிலிருந்து திருடவில்லை. தன் உடலின் கொழுப்பு அமிலத்திலிருந்து தானே கட்டி எழுப்புகிறது. தின்றதில் ஒரு பங்கை வளர்ச்சிக்கும் முட்டைக்கும் கொடுத்துவிட்டு, இன்னொரு பங்கை எடுத்துக் கசப்பு செய்கிறது. தாய் இடும் மஞ்சள் முட்டைகளிலும் அந்தக் கசப்பு வைக்கப்பட்டிருக்கிறது. நடக்கக் கால் முளைக்காத பிள்ளைக்கும் காவல் உண்டு.

வாடைக்குக் காரணம் வேறொரு சேர்மம். பைரசின் வகையைச் சேர்ந்தது. பச்சைப் பட்டாணியிலும் குடைமிளகாயிலும் இருக்கிற பச்சை வாசனையும் அதே குடும்பந்தான். மனித மூக்கு இதை நம்ப முடியாத நுண்ணிய அளவில் உணர்கிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும். 2001-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் திராட்சை அறுவடையோடு பொறிவண்டுகளும் சேர்ந்து நசுங்கியதில் அந்த ஆண்டின் திராட்சை மதுவே வாடை பிடித்துப் போனது. செத்த பிறகும், புட்டிக்குள் அடைபட்ட பிறகும், குடிக்கிறவன் நாக்கில் வந்து நின்றது வண்டின் எச்சரிக்கை.

இந்த நஞ்சு எதற்காக என்று கேட்டால், கொல்வதற்கு என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். யோசித்தால் அப்படி இல்லை. கொல்ல முடியாது என்பதல்ல. 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் நீலச் சிட்டுக் குஞ்சுகளுக்கு ஏழு புள்ளி வண்டுகளை ஊட்டிப் பார்த்தார்கள், குஞ்சுகள் இறந்தன. நஞ்சின் வலு உண்மையானது. ஆனால் அந்த வலுவுக்கு முன்னால் கசப்பு வருகிறது, கசப்புக்கு முன்னால் வாடை, வாடைக்கும் முன்னால் தூரத்திலேயே தெரிகிற சிவப்பு. வேண்டாம், வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகே நஞ்சு வேலையைத் தொடங்குகிறது. செத்த பறவையால் வண்டுக்கு என்ன லாபம்? அது கற்ற பாடம் அதோடு செத்துவிடும். காலியான இடத்துக்குப் பாடம் அறியாத வேறொரு பறவை வரும். கொத்தி, கசந்து, துப்பி, அலகைக் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்து போன பறவைதான் வண்டினத்துக்கு வேண்டியது. அந்தக் கரிச்சான் உயிரோடு இருக்கும் வரை சிவப்பு முதுகைத் தொடாது. தன் எல்லைக்குள் வேறு கரிச்சான்களையும் எளிதில் விடாது. எதிரியின் நினைவே காவலாக மாறுகிறது.

இப்படிப் பார்த்தால் பொறிவண்டின் நஞ்சு ஒரு ஆயுதம் என்பதைவிட ஒரு பேச்சு என்றே எனக்குப் படுகிறது. சொல்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். பேச்சு பலிக்க வேண்டுமென்றால் கேட்கிறவருக்குக் கண் வேண்டும், நாக்கு வேண்டும், மறக்காத மனம் வேண்டும். பறவைக்கு இவை மூன்றும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூச்சியும் பறவையும் இந்த மொழியில் பேசிப் பழகியிருக்கின்றன. இருவருக்கும் உயிர் மிஞ்சுகிறது.

அந்தப் பேச்சில் பொய் சொல்வதும் சுலபமில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பிளவுண்ட் குழுவினர் ஏழு புள்ளி வண்டுகளுக்கு நிறைய உணவும் குறைந்த உணவும் கொடுத்து வளர்த்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதுகின் சிவப்புக்கும் இரத்தத்தின் நஞ்சுக்கும் வண்டு ஒரே இருப்பிலிருந்துதான் செலவழிக்கிறது. வயிறு காய்ந்து வளர்ந்தது இரண்டிலும் குறைவுபடுகிறது. பகட்டான சிவப்பைப் பூசிக்கொண்டு உள்ளே வெறுமையாக இருக்க அதற்கு வசதியில்லை. வாக்கும் பொருளும் ஒன்றாக இருப்பதை மனிதர்களிடத்தில் தேடித் தேடிக் களைத்தவர்களுக்கு இந்தச் சிறு பூச்சி ஆறுதல் தரும்.

ஆனால் எந்தக் காவலும் முழுக் காவல் அல்ல. தினோகாம்பஸ் என்றொரு சிறு குளவி இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் உண்டு, இந்தியாவிலும் உண்டு. அது வண்டைத் தின்ன வருவதில்லை. வண்டின் உடலுக்குள் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகிறது. பறவையைத் துரத்துகிற அல்கலாய்டின் மணம் இந்தக் குளவியை விரட்டுவதற்குப் பதில் அழைத்து வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே வளர்ந்த புழு வெளியே வந்து வண்டின் கால்களுக்கு இடையில் கூடு பின்னுகிறது. வண்டு சாகாமல், நடக்கவும் முடியாமல், அந்தக் கூட்டின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் சிவப்பு முதுகு இப்போது தன் எதிரியின் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது. இதைப் படித்த நாளில் மனம் கனத்தது. ஒரு செவிக்குச் சொன்னது இன்னொரு செவியில் அழைப்பாக விழலாம் என்பதைக் குளவி காட்டுகிறது.

மாரியூர்க் கடற்கரைக்கு வந்தால் இந்தப் பேச்சு எங்கும் நடந்துகொண்டிருப்பது தெரியும். பூவேந்தியநாதர் கோயிலைத் தாண்டி மணலில் இறங்கினால் எருக்கு. ஆடு மாடு எல்லாவற்றையும் மேய்ந்து தீர்க்கிற இந்த வறண்ட கரையில் எருக்கிலையை மட்டும் விட்டுவைக்கின்றன. அதன் பாலில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. அதே எருக்கின் இளந்தண்டில் பளீரென்ற மஞ்சள் அசுவினி அடை அடையாக ஒட்டியிருக்கும். அது எருக்கின் நஞ்சை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துத் தனக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது. அதையும் தின்னப் பொறிவண்டு வரும். எல்லா வண்டினமும் அந்த உணவைத் தாங்குவதில்லை, சில நலிந்துபோகின்றன. சில தாங்கிக்கொள்கின்றன. சற்று உள்ளே தள்ளிச் சீமைக்கருவேலம்: நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும், தழையில் வாய் வைக்காது. கண்மாயைத் தின்று தீர்த்த அந்த மரத்தின் வெற்றியில் பாதி அந்தத் தழையின் கசப்பில் இருக்கிறது.

இவற்றிலெல்லாம் நுட்பமானது மிளகாய். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளின் வாயில் உள்ள வெப்ப நரம்பைத் தொட்டு எரிகிறது. பறவைகளின் வாயில் எரிவதில்லை. 2001-இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்துக் காட்டு மிளகாயை ஆராய்ந்த டெவ்க்ஸ்பரியும் நாப்ஹானும் காரணத்தைச் சொன்னார்கள். எலி தின்றால் விதை நொறுங்கிப் போகிறது. பறவை தின்றால் விதை முழுதாக வெளியேறி வேறு இடத்தில் முளைக்கிறது. ஆகவே காரம் எலிக்குச் சொன்ன சொல், பழத்தின் சிவப்பு பறவைக்குச் சொன்ன சொல். ஒரே பழத்தில் ஒருவருக்கு வராதே, இன்னொருவருக்கு வா.

மனிதன் எலியின் பக்கம். அவனுக்கும் எரிகிறது. ஆனால் எரிச்சலை அவன் விரும்பக் கற்றுக்கொண்டான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலேறி வந்த செடி, மழை பொய்க்கிற இந்தக் கரிசலில் வேரூன்றி, ராமநாதபுரம் குண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வராதே என்று சொன்ன சொல்லைக் கேளாமல் போனதால் மிளகாய்க்கு வாழ்வு கிடைத்தது. அதனாலேயே மனிதன் எப்படிப்பட்ட செவி உடையவன் என்பதும் தெரிகிறது. எச்சரிக்கையை அவன் தனக்கு வேண்டியபடி கேட்கிறவன்.

பொறிவண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதை நாம் தின்பதும் இல்லை, விரும்புவதும் இல்லை. அசுவினிக்கு மருந்தடிக்கும்போது அதுவும் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்தடித்து இரண்டு வாரம் ஆன ஒரு கொல்லையில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். செடி மறுபடி சுருண்டிருந்தது. "என்னக்கா, மருந்து வேலை செய்யலையா?" என்றேன். "செஞ்சுச்சு தம்பி, செய்யாம என்ன. மறுநாளு ஒரு பூச்சி இல்ல. இப்பப் பாருங்க, முன்ன இருந்ததுக்கு மேல அசுவுணி. அந்தப் புள்ளி வண்டத்தான் ஒண்ணையும் காணோம்" என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் முழுவதும் இருக்கிறது. அசுவினிக்கு ஆண் துணை வேண்டியதில்லை. முட்டையிட்டுக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. குட்டியாகவே ஈனுகிறது, அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் ஈனத் தொடங்குகிறது. பொறிவண்டு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மருந்து இரண்டையும் ஒரே நாளில் கொன்றால், தப்பிய சில அசுவினிகள் முந்திக்கொள்கின்றன. அவற்றைத் தின்ன ஆள் இல்லை. மறுபடி மருந்து. மறுபடி அசுவினி. கூலி கொடுத்து, கடன் வாங்கி, இல்லாத பகையை வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதன் பெரிய சாட்சி கலிபோர்னியாவில் இருக்கிறது. 1880களில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போர்த்திய செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அதன் தாயகமான ஆஸ்திரேலியாவுக்கு 1888-இல் ஆல்பர்ட் கோபலே அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்து அனுப்பிய முதல் 129 வேடாலியா வண்டுகள் ஒரு மரத்தைச் சுற்றிக் கட்டிய கூடாரத்துக்குள் விடப்பட்டன. அதுவும் ஒரு பொறிவண்டு. ஓராண்டுக்குள் தோட்டங்கள் மீண்டன. பின்னாளில் நம் நீலகிரியின் வாட்டில் மரங்களில் அதே செதில் பூச்சி தென்பட்டபோது அதே வண்டைத்தான் கொண்டுவந்து விட்டார்கள். கலிபோர்னியாவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஓசையில்லாமல் வேலை பார்த்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டிடிடி வந்தது. தோட்டங்களில் அடித்தார்கள். செதில் பூச்சி திரும்பி வந்தது, ஏனென்றால் வேடாலியா செத்துப்போனது. மருந்தை நிறுத்தி, வண்டை மறுபடி கொண்டுவந்து விட்ட பிறகே தோட்டங்கள் தப்பின.

டிடிடி தூவிய அந்தக் காற்றில் வேடாலியாவின் இரத்தத்தில் இருந்த நஞ்சு எங்கே போனது? எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. சிவப்பும் இருந்தது. ஆனால் டிடிடிக்குக் கண் இல்லை, நாக்கு இல்லை. அது கொத்திப் பார்க்கவில்லை, துப்பவில்லை, நினைவில் வைக்கவில்லை.

இந்த யோசனை கரையோடு நிற்காமல் என்னைக் கடலுக்குள் இழுத்துப் போனது. மாரியூருக்கு எதிரே கிடப்பது மன்னார் வளைகுடா. கீழக்கரைத் தீவுகளுக்கும் வேம்பார்த் தொகுதியின் நல்லதண்ணி, உப்புத்தண்ணித் தீவுகளுக்கும் இடைப்பட்ட கரை இது. இந்தக் கடலின் தரையில் கடல் அட்டை கிடக்கும். ஓடத் தெரியாது. கடிக்கப் பல் இல்லை, மூட ஓடு இல்லை. மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மணலைத் துப்புரவாக்கித் திருப்பித் தருவதுதான் அதன் வாழ்க்கை. மீன்கள் ஏன் விட்டுவைக்கின்றன? அதன் தோலில் ஹோலோதூரின் என்ற நஞ்சு இருக்கிறது. 1950களில் நியூயார்க்கில் ராஸ் நிக்ரெல்லியும் ஜப்பானில் யமனூச்சியும் அதை ஆராய்ந்து சொன்னார்கள். இரத்த அணுவின் சவ்வைக் கிழிக்கும். நீரில் கரைந்தால் மீனின் செவுளைத் தாக்கும். பசிபிக் தீவுக்காரர்கள் கறுப்பு அட்டையை நசுக்கி வற்றுக்குட்டைகளில் கலக்கி மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். பொறிவண்டின் மஞ்சள் துளியும் இதுவும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள்: ஓட முடியாத உயிர், தன்னைத் தின்ன முடியாததாக ஆக்கிக்கொள்வது.

இந்தக் கரையில் யாரும் கடல் அட்டை தின்பதில்லை. எங்கள் பக்கத்துச் சமையலில் அதற்கு இடமே கிடையாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்த மூச்சைக் கொண்டு அதை எடுத்தார்கள். குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல் சுண்ணாம்புத் தோல் கழலத் தேய்த்து, மறுபடி வேகவைத்து, வெயிலில் காயவைத்து, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். கொதிநீரில் நஞ்சின் கணிசமான பங்கு கரைந்து போய்விடும். எடுக்கிறவர் ஒருவர், அவிக்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், விருந்தில் உண்கிறவர் எங்கோ ஒருவர். உண்கிற நாக்கில் கசப்பு சேர்வதே இல்லை. எடுக்கிற கைக்கு நாக்கு இல்லை.

அட்டை குறைந்துகொண்டே வந்தது. 1982-இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். 2001-இல் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதையே தடை செய்தார்கள். பல குடும்பங்களின் பிழைப்பில் அது விழுந்த அடி. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கிறார்கள், இங்கே எடுத்தால் சிறை என்று கேட்கிற மீனவரின் ஆற்றாமையை நான் தள்ளிவிட மாட்டேன். தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டி. பி. ஜேம்ஸ் 1988-இலேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டினார். வளர்ப்பதற்கு வழி தெரிந்த பிறகும் அந்த வழியை மீனவர் கையில் கொண்டு சேர்க்காமல் தடையை மட்டும் சேர்த்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் தடைக்கு முன் நடந்ததும் நியாயமல்ல.

மிளகாய்க் கொல்லையையும் கடல் தரையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. இந்த உயிர்களின் காவல் எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டிருக்கிறது: என்னை அழிக்க வருகிறவன் என்னைத் தன் வாயால் தின்ன வருவான் என்ற நம்பிக்கை. அந்தக் குளவி போன்றவை நீங்கலாக, அது பெரும்பாலும் பொய்த்ததில்லை. பசித்தவன் வருவான், சுவைப்பான், அறிவான். அறிந்தால் விலகுவான். மனிதன் வந்த பிறகுதான் பசியும் நாக்கும் தனித்தனியாகப் பிரிந்தன. தின்னாத உயிரை நாம் அழிக்கிறோம். தின்கிற உயிரை முகம் தெரியாத கைகளால் எடுக்கிறோம். பொறிவண்டின் கசப்புக்கும் கடல் அட்டையின் நஞ்சுக்கும் நம்மிடம் வந்து சேர வழியே இல்லை.

வழி இல்லாத இடத்தில் நாம் ஏற்படுத்திக்கொண்ட வழிதான் அறிவு. மிளகாய்ச் சரக்கில் பூச்சிமருந்தின் எச்சம் அளவுக்கு மீறி இருந்தால் இறக்குமதி செய்கிற நாடு திருப்பி அனுப்புகிறது. அங்கே ஓர் ஆய்வுக்கூடக் கருவி நாக்கின் வேலையைப் பார்க்கிறது. சட்டத்தின் அட்டவணையும் அப்படித்தான், துப்ப மறந்த வாய்க்குப் பதிலாகத் துப்புகிறது. பறவைக்கு ஒரு கொத்தில் தெரிவதை நமக்குப் படித்தும், எண்ணியும், இலையைத் திருப்பியும்தான் தெரிந்துகொள்ள முடியும். சுவைக்காமலே கசப்பை உணர்வது உயிர்களில் மனிதனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை. அதை இழிவாக நான் நினைக்கவில்லை. பறவை தனக்குக் கசந்ததை மட்டுமே விடுகிறது. தனக்குக் கசக்காத ஒன்றை, இன்னோர் உயிருக்காக விட்டுக்கொடுக்க முடிந்தவன் மனிதன்தான்.

இந்தக் கொல்லைகளில் அது நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பு பத்துக் கிலோவை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, 200 லிட்டராக்கி ஒரு ஏக்கருக்கு மாலையில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேம்பின் அசாடிராக்டின் பெரும்பாலும் தின்கிற பூச்சியின் வாய்வழியே வேலை செய்கிறது. இலையின் மேல் நடந்து போகிற பொறிவண்டு அதிகம் பாதிக்கப்படுவதில்லை. மரத்தின் பேச்சைக் கடன் வாங்கி நாம் பேசுகிறோம், அவ்வளவே. இந்த மருந்து மெதுவானது, ஒரே நாளில் செடியைத் துடைத்து வைக்காது. அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள விவசாயிக்குக் கடன் நெருக்கடி இல்லாமல் இருக்க வேண்டும். பொறிவண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மிளகாய் விலை வரை பேசாமல் முடியாது.

இன்னொரு இடையூறும் உண்டு. கத்தரியில் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகிற வண்டும் பொறிவண்டுக் குடும்பந்தான். இருபத்தெட்டுப் புள்ளி, மங்கிய முதுகு, மேலே நுண்ணிய மயிர். அதைப் பார்த்துவிட்டுப் பளபளக்கிற நல்ல வண்டையும் சேர்த்து வெறுப்பவர்கள் பலர். அதைவிடப் பெரிய தவறு புழுவில் நேர்கிறது. அசுவினியை அதிகம் தின்று தீர்ப்பது வளர்கிற பருவத்துப் புழு. கறுத்து, நீண்டு, முள் முள்ளாக, ஆறு கால்களோடு இலையில் வேகமாக ஊர்கிறது. அதற்குச் சிவப்பு முதுகு இல்லை. பிடித்தால் அதுவும் முதுகிலிருந்து மஞ்சள் இரத்தம் கசியவிடும். எறும்புக்கு அது புரியும், நமக்குப் புரியாது. பார்த்தவர் கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறார், அல்லது மருந்துக் கடைக்கு நடக்கிறார். மாரியூரிலோ நரிப்பையூரிலோ பள்ளிப் பிள்ளைகளைத் தை மாதத்தில் மிளகாய்க் கொல்லைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர் யாராவது இருந்தால், வண்டைக் காட்ட வேண்டாம், அதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் கறுத்த புழுவைக் காட்டுங்கள்.